அண்ணன் பெயரில் போனவன்

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயத்து வரிசை வீடுகளில் நாலாவது காம்பராவில் பிறந்தவன் இக்னேசியஸ். பதினேழு வயதில் கொழும்புக்குப் போய் ஒரு புடவைக்கடையில் சேர்ந்தான். வருகிறவர்களுக்குத் துணியை விரித்துக் காட்டுவதும், அவர்கள் எழுந்து போனபின் மடித்து அடுக்குவதும்தான் வேலை. இருபத்து மூன்று வருடம் அதையே செய்தான். பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற அந்த வருடத்தில் கடையை மூடிவிட்டார்கள். நல்ல சிங்களமும், இரண்டு பெட்டி உடுப்பும், நாற்பது வயதுமாக அவன் லயத்துக்குத் திரும்பி வந்தான்.

தோட்டத்தில் அவனுக்குப் பெயர் பதிவு இல்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய் ஓரமாக நிற்பான். அன்றன்றைக்குக் கூலி தரும் கைக்காசு வேலை இருந்தால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கூப்பிடுவார். பெரும்பாலும் கூப்பிடமாட்டார். மனைவி பெற்றீசியா கொழுந்து எடுத்துக் கொண்டுவருவதில்தான் அடுப்பு எரிந்தது. மகள் ஜெரோமி சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மகள் பாடம் எழுதும் நேரத்தில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்து போய் ரோட்டில் நிற்பான்.

அப்போதுதான் கடையில் கூட வேலை பார்த்த மைக்கல் தொலைபேசியில் பேசினான். கொழும்புக்கு வெளியே ஒரு இடம் இருக்கிறது, மருந்து சாப்பிட்டுவிட்டு ஐந்து நாள் படுத்திருந்தால் போதும், சாப்பாடு அவர்களே தருவார்கள், போகும்போது கையில் காசு என்றான். இக்னேசியஸ் அதைப் பெற்றீசியாவிடம் சொன்னபோது அவள் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நோவு இல்லாத ஆளுக்கு எதுக்குங்க மருந்து?" என்று கேட்டாள்.

நோய் உள்ளவனுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நோயில்லாதவன் உடம்பில் அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார்களாம் என்று, மைக்கல் சொன்னதை அப்படியே சொன்னான். அவள் கயிற்றின் முடிச்சைப் பல்லால் இறுக்கினாள்.

முதல் தடவை போனது பரிசோதனைக்கு மட்டும். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். ஆறு குழாயில் இரத்தம், ஒரு குடுவையில் சிறுநீர், நெஞ்சுப் படம், இருதயப் படம். எடை நிறுத்தார்கள், உயரம் அளந்தார்கள். வெற்றிலை போடுவதுண்டா, சிகரெட், சாராயம், வீட்டில் யாருக்காவது சீனி வருத்தம் போன்ற நோய் உண்டா என்று ஒரு பெண் கேட்டுக் கேட்டு எழுதினாள். கையை நீட்டச் சொல்லி நரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல நரம்பு என்றாள். இருபத்து மூன்று வருடத்தில் யாரும் அவனிடத்தில் எதையும் நல்லது என்று சொன்னதில்லை. ஒரு வாரம் கழித்து எடுபட்டதாகச் செய்தி வந்தபோது, பரீட்சையில் தேறியவனைப்போல் இருந்தது அவனுக்கு.

தங்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே தேத்தண்ணி குடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பிறந்த நாளிலிருந்து தேத்தண்ணியில் வளர்ந்த உடம்பு. பஸ்ஸிலேயே தலை இடிக்கத் தொடங்கிவிட்டது. கட்டடம் மூன்று மாடி, வாசலில் சின்னதாக ஒரு பெயர்ப்பலகை. உள்ளே போனதும் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். பிஸ்கட் பக்கற்றையும் வலிக்குப் போடும் குளிசையையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். நீல உடுப்பும் நெஞ்சில் குத்த ஒரு இலக்கமும் கொடுத்தார்கள். அவனுடையது பதினெட்டு. அதன்பிறகு அங்கே யாரும் அவனை இக்னேசியஸ் என்று கூப்பிடவில்லை.

இருபது பக்கத்துக்கு ஒரு பத்திரம் இருந்தது. தமிழிலும் இருந்தது, ஆனால் அந்தத் தமிழ் அவனுக்குப் புரியவில்லை. அங்கே வேலை செய்த ஒரு பையன் அதைப் படித்துச் சிங்களத்தில் விளக்கினான். எந்த நேரமும் காரணம் சொல்லாமல் வெளியே போகலாம். எதையும் மறைக்கக்கூடாது. மறைத்தால் வெளியே அனுப்பப்படுவீர்கள், கொடுப்பனவு கிடையாது. புரிந்ததா என்று கேட்டான். எல்லோரும் புரிந்தது என்றார்கள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மருந்து. ஒரு குளிசை, அளந்து ஊற்றிய ஒரு கிளாஸ் தண்ணீர். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். பிறகு நாலு மணி நேரம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். சாயக்கூடாது, படுக்கக்கூடாது. கையில் ஊசிக்குழாயைப் பொருத்தி, முதலில் கால் மணிக்கொருதரமும் பிறகு மணிக்கொருதரமும் இரத்தம் எடுத்தார்கள். சுவரில் பெரிய மணிக்கூடு. தாதிமார் அதைப் பார்த்துக்கொண்டே கட்டில் கட்டிலாக வருவார்கள். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே அளவு, அரை மணி நேரத்தில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாக வேண்டும். பசித்தாலும் அவ்வளவுதான், பசிக்காவிட்டாலும் அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் இலக்கக் கட்டிலில் இருந்தவன் டயகமப் பக்கத்துப் பையன். முப்பது வயதிருக்கும், ஒல்லி, புதிதாக மீசை மழித்த மேலுதடு. மற்றவர்கள் எல்லாம் சிங்களவர்களும் கொழும்புக்காரர்களும். அந்த நாலு மணி நேரத்தில் இவர்கள் இரண்டு பேரும் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக் கதை, லயத்துக் கதை, யாருக்கு யார் சொந்தம் என்ற கதை. அவனுடைய பத்திரத்தில் செல்லசாமி என்று பெயர் இருந்தது. இக்னேசியஸ் அப்படிக் கூப்பிட்டபோது அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எம் பேரு செல்லசாமி இல்லங்கண்ணே. அது எங்க அண்ணன். நான் சின்னத்தம்பி."

ஆறு வாரத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில், வேறொரு மருந்துக்கு, அவன் சொந்தப் பெயரில் வந்து படுத்திருக்கிறான். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் மூன்று மாதம் இடைவெளி விடவேண்டும் என்பது அங்கே விதி. அவனுக்கோ கட்டாருக்குப் போகும் வேலை ஒன்று கைகூடி வந்திருந்தது. பயண முகவருக்குக் கொடுக்க வேண்டியதை அந்த மாதமே கொடுத்தாக வேண்டும். அண்ணனின் அடையாள அட்டையில் உள்ள படம் பழையது, முகமும் ஒரே சாயல். மீசையை எடுத்துவிட்டு வந்துவிட்டான். ஒரு தாதி மட்டும் இரண்டு தடவை பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

"ஒன்னும் செய்யாதாடா?" என்று இக்னேசியஸ் கேட்டான்.

"போன தடவையே ஒன்னும் செய்யலண்ணே. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

சொல்லமாட்டேன் என்றான் இக்னேசியஸ்.

இரண்டாம் நாள் சின்னத்தம்பி உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தான். சாப்பாடு இறங்கவில்லை. தாதி பார்க்காத நேரத்தில் பாதிச் சோற்றை இக்னேசியஸின் தட்டில் தள்ளினான். இவன் அதையும் சேர்த்து விழுங்கினான். அன்று பின்னேரம் அவன் சிறுநீர்க் குடுவையைத் துணியால் மறைத்துக்கொண்டு போனதை இக்னேசியஸ் பார்த்தான். உள்ளே இருந்தது கறுத்த சாயம் போல இருந்தது. மறுநாள் காலை கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகிவிட்டது. தாதி அதைக் கண்டு டொக்டரைக் கூப்பிடப் போனாள். டொக்டர் வருவதற்குள் சின்னத்தம்பி கட்டிலோரத்தில் குனிந்து வாந்தி எடுத்தான், பிறகு அப்படியே சரிந்தான்.

டொக்டர் இளவயதுச் சிங்களப் பெண். அவனைத் தூக்கிப் படுக்க வைத்து, கண்ணைப் பிரித்துப் பார்த்து, ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடச் சொன்னாள். பிறகு பதினெட்டாம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் இரண்டு பேரும்தானே பேசிக்கொண்டிருந்தீர்கள், இவர் வேறு ஏதாவது மருந்து எடுத்திருக்கிறாரா, சமீபத்தில் வேறெங்காவது, இங்கேயாவது, ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். சொன்னால் வைத்தியத்துக்கு உதவும் என்றாள். குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சுவதைப் போலத்தான் இருந்தது.

இக்னேசியஸ் சின்னத்தம்பியைப் பார்த்தான். அவன் கண் பாதி திறந்திருந்தது. பார்க்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. சொன்னால் இவனை வெளியே போடுவார்கள். தெரிந்தும் மறைத்ததற்கு என்னையும் போடுவார்கள். மூன்று நாள் இரத்தம் கொடுத்தது வீண். வெறும் கையோடு போய் பெற்றீசியாவின் முன்னால் நிற்கவேண்டும். இவ்வளவும் ஒரே மூச்சில் அவனுக்குள் ஓடியது.

"தெரியாது மிஸ்" என்றான் சிங்களத்தில்.

சின்னத்தம்பியைக் கொண்டுபோனார்கள். தரையைக் கழுவினார்கள். மூன்றே கால் மணிக்கு எடுக்கவேண்டிய இரத்தத்தை மூன்றே கால் மணிக்கு எடுத்தார்கள். மறுநாள் அந்த டொக்டர் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு மறுபடியும் கேட்டாள். யாருக்கும் தண்டனை இல்லை என்றாள். அதை அவன் நம்பவில்லை. மறுபடியும் தெரியாது என்றான். ஐந்தாம் நாள் ஊசிக்குழாயைக் கழற்றி, கையெழுத்து வாங்கி, காசைக் கொடுத்து அனுப்பினார்கள். பத்தொன்பதாம் கட்டில் ஆள் எப்படி இருக்கிறார் என்று வாசலில் கேட்டான். நோயாளிகளின் விபரத்தை வெளியே சொல்ல முடியாது என்றார்கள்.

காசு ஜெரோமியின் வகுப்புக்கும், கூரைத் தகரத்துக்கும், கடைக் கடனுக்கும் என்று பத்து நாளில் போய்விட்டது. சின்னத்தம்பியின் மஞ்சள் கண் மனதை விட்டுப் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், தட்டில் அவன் தள்ளிவிட்ட சோறு நினைவுக்கு வந்தது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகாமல் ஹற்றனுக்கு வந்து டயகம பஸ்ஸில் ஏறினான்.

சின்னத்தம்பி சொன்ன தோட்டத்து டிவிஷன் பெயர் ஞாபகம் இருந்தது. அங்கே கடையில் அவன் பெயரைச் சொல்லி விசாரித்தான். கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே, அது செத்துப்போய் மாசம் ஒன்றாகிறதே என்றார். நீங்க சொந்தமா என்று கேட்டார். கூட வேலை செய்தவன் என்று சொல்லிவிட்டு, காட்டிய லயத்துக்கு நடந்தான்.

அண்ணன் செல்லசாமி வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அதே முகம், பத்து வயது கூட. அவருடைய மனைவி லெட்சுமி பலகை எடுத்துப் போட்டாள். இக்னேசியஸ் தான் யார் என்று சொன்னதும் இரண்டு பேரும் வேலையை நிறுத்தினார்கள். நடந்ததைச் செல்லசாமி மெதுவாகச் சொன்னார்.

தம்பி அவசரத்துக்கு என்று கொடுத்திருந்த இலக்கம் அவருடைய தொலைபேசி இலக்கம். செல்லசாமி ஆஸ்பத்திரியில் கடுமையாக இருக்கிறார், உடனே வாருங்கள் என்று ஒரு குரல் சொன்னது. செல்லசாமியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அட்டையைக் கேட்டு வாங்கிப்போன தம்பி என்ன செய்திருக்கிறான் என்பது அப்போதுதான் முழுதாக விளங்கியது. தம்பியின் அட்டையை எடுத்துக்கொண்டு போனார். போய்ச் சேர்வதற்குள் ஈரல் கெட்டு உயிர் போயிருந்தது. மரண விசாரணைக்கு வந்தவர், நீ இவருக்கு என்ன வேணும் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் சவத்தைத் தரமாட்டார்கள், தன்னையும் உள்ளே போடுவார்கள் என்று பயந்து, தம்பி என்று சொல்லிவிட்டார். சின்னத்தம்பி என்று கையெழுத்தும் போட்டார். மரணச் சான்றிதழில் செத்தவர் பெயர் செல்லசாமி.

"லயத்துல எல்லாருக்கும் தெரியும் யாரு செத்ததுன்னு. கடுதாசிக்குத் தெரியாதே" என்றாள் லெட்சுமி. "கவர்மெண்டு நிவாரணத்துக்குப் பதியப் போனேன். கம்பியூட்டர்ல நான் வெதவைன்னு வருதாம். இவரு எம்பக்கத்துல நிக்கிறாரு."

கடைசியாக அவன் என்ன பேசினான் என்று செல்லசாமி கேட்டார். கட்டாரைப் பற்றிப் பேசினதை இக்னேசியஸ் சொன்னான். சொல்லிவிட்டு நிறுத்த நினைத்தான். வாய் நிற்கவில்லை.

"வேற மருந்து எடுத்தானான்னு டாக்டரம்மா எங்கிட்ட கேட்டாங்க. எனக்குத் தெரியும். நான் சொல்லல."

லெட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். செல்லசாமி கத்தியின் விளிம்பைப் பெருவிரலால் தடவினார்.

"சொல்லியிருந்தா பொழைச்சிருப்பானா?"

"தெரியலங்கண்ணே."

"அட்டையக் குடுத்தவன் நானு" என்றார் அவர்.

சாப்பிட வைத்து அனுப்பும்போது ஒன்று கேட்டார். நுவரெலியாவில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தாராம். அந்த மருந்துக் கட்டடத்தில் கூட இருந்த ஒருவர், செத்தவன் தன் உண்மைப் பெயரைத் தன்னிடம் சொன்னான் என்று சத்தியக் கடதாசி கொடுத்தால் சான்றிதழைத் திருத்தக் கேட்கலாம் என்றாராம். அப்படி ஒரு ஆள் இருக்கிறாரா என்று தேடுவதற்கு வழியில்லாமல் இருந்தோம், நீங்களே வந்துவிட்டீர்கள் என்றார். இக்னேசியஸ் வந்து போட்டுத் தருகிறேன் என்றான். அந்த நேரத்தில் மனதோடுதான் சொன்னான்.

வீட்டில் அன்றுதான் பெற்றீசியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்க என்று மட்டும் சொன்னாள். போகத்தான் வேண்டும் என்றான். ஆனால் கையெழுத்துப் போட்டால், தெரிந்தே மறைத்தவன் என்று அந்தக் கட்டடத்துக்குத் தெரிந்துவிடும். பிறகு கூப்பிடமாட்டார்கள். வழக்கும் வரலாம். மூன்று மாத இடைவெளி முடிய இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. அடுத்ததை மட்டும் முடித்துவிட்டுப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னான்.

செல்லசாமி இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்தார். முதல் தடவை காய்ச்சல் என்றான். இரண்டாம் தடவை எடுக்கவில்லை. அதன்பிறகு அழைப்பு வரவில்லை.

அடுத்த மருந்துக்குப் போனான். இப்போது வாசலில் கைரேகை பதிகிற இயந்திரம் இருந்தது. பத்தொன்பதாம் கட்டிலில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். அவனிடம் ஊர் எது என்றுகூட இக்னேசியஸ் கேட்கவில்லை. ஐந்து நாளும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தான். டயகமவுக்கு எப்போது போகிறீர்கள் என்று பெற்றீசியா கேட்டாள். இன்னும் ஒன்று, ஜெரோமியின் பரீட்சை முடியட்டும் என்றான். அவள் பிறகு கேட்கவே இல்லை. அவன் பக்கத்தில் இருக்கும்போது பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

மூன்றாம் தடவை பரிசோதனையோடு நின்றது. இரத்தத்தில் ஏதோ ஒரு கணக்கு கூடியிருக்கிறதாம், ஈரல் சம்பந்தமானது, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மருந்தாலா என்று கேட்டான். அப்படிச் சொல்ல முடியாது, பல காரணம் இருக்கலாம் என்றார்கள். சுகமானால் திரும்ப வரலாமா என்று கேட்டான். அந்தப் பெண் சிரித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனான். வரிசையில் மத்தியானம்வரை நின்றான். மறுபடியும் இரத்தம் எடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்தத் திகதியில் போகவில்லை. மகள் பரீட்சை எழுதினாள், பெறுபேறும் வந்தது. கணிதத்தில் தவறியிருந்தாள். திரும்ப எழுதச் சொன்னான். அடுத்த மாதம் கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று பின்னேரம், இழப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, இக்னேசியஸ் டயகமவுக்குத் தொலைபேசி எடுத்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது.

கையெழுத்துப் போட வருகிறேன், நாளைக்கே வருகிறேன், சட்டத்தரணியின் கந்தோர் எங்கே என்று சொல்லுங்கள் என்றான்.

"இனி வேணாங்க" என்றார் செல்லசாமி. குரலில் கோபமே இல்லை. "தோட்டத்துல கண்டாக்கையா தம்பி பேருலயே என்னையப் புது ஆளாப் பதிஞ்சு குடுத்துட்டாரு. வேல ஓடுது. இருவத்தாறு வருஷ சர்வீசு அந்தப் பேரோட போச்சு. போன மாசம் மூத்த மவளுக்குக் கல்யாணம் எழுதுனோம். அப்பா காலமானவர்னு போட்டாங்க. நான் சித்தப்பான்னு சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இப்பப் போயி மாத்துனா அதுவும் பொய்யாயிரும்."

அண்ணே என்றான் இக்னேசியஸ்.

"ஒங்களுக்கு ஒடம்பு சொகமா இருக்கா?" என்று அவர் கேட்டார்.

இருக்கிறது என்றான். நல்லா இருங்க என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

யார் பேசியது என்று பெற்றீசியா உள்ளேயிருந்து கேட்டாள். சொன்னான். அவள் வெளியே வந்து அவனைப் பார்த்தாள், பிறகு அடுப்படிக்குப் போனாள். இப்போது இக்னேசியஸ் நோட்டன் சந்தியில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறான். நாலு மூட்டைக்கு ஒருதரம் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறான். லொறிக்காரர்கள் கொஞ்சம் பார்த்துவிட்டு, வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள்.